ஆடியோ கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ கேபிளுக்கு 3 மீட்டர்தான் எல்லையாம்!

ஈயக்கம்பி:
"அன்பேலன்ஸ்டு கேபிள் 3 மீட்டரைத் தாண்டினால் ட்ரெபிள் செத்துவிடும்" என்று பக்கத்து இழையில் தட்டுராஜா சட்டம் போட்டிருக்கிறார். (அன்பேலன்ஸ்டு என்றால் ஆர்சிஏ போல, வெளிப்பின்னலான ஷீல்டே சிக்னலின் ரிட்டர்ன் கம்பியாக இருப்பது; ட்ரெபிள் என்றால் மேல் அதிர்வெண் ஒலி.) 3 எங்கிருந்து வந்தது? கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்தேக்கம்) அனுப்பும் கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸும் (மின்மறுப்பு) சேர்ந்துதான் ட்ரெபிளைக் குறைக்கும். சாதாரண ஷீல்டு கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 10 மீட்டருக்கு 1000. ப்ரீ-ஆம்பின் (பவர் ஆம்புக்கு முன்னால் வரும் கருவி) அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓம் என்றால் 3 டெசிபல் குறைவது, அதாவது சக்தி பாதியாவது, 1.6 மெகாஹெர்ட்ஸில். நம் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். வௌவாலுக்குக்கூட அந்தக் கவலை கிடையாது.

தட்டுராஜா:
100 ஓம் உங்க வசதிக்கு எடுத்துக்கிட்ட நம்பர். வால்வு ப்ரீ-ஆம்ப்னு ஒண்ணு இருக்கு சார். 12ஏஎக்ஸ்7 வால்வு, ஆனோடில் 100 கிலோ ஓம், அங்கிருந்தே நேரா வெளியே எடுத்தா இம்பீடன்ஸ் 38 கிலோ ஓம் பக்கம். உங்க 100 பிகோஃபாரட் கணக்குப்படியே 3 மீட்டரில் 14 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் காலி. கணக்கு போதுமா?

ஈயக்கம்பி:
அப்படி வெளியே எடுத்தவர் குற்றத்துக்குக் கேபிளைத் தூக்கில் போடுவீர்களா? பின்னால் ஒரு கேத்தோடு ஃபாலோயர் (இம்பீடன்ஸைக் குறைக்கும் வால்வு சுற்று) போட்டால் 1 கிலோ ஓமுக்குள் வந்துவிடும். அப்போது 10 மீட்டரிலும் 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.07 டெசிபல். திரும்பக் கேட்கிறேன்: எந்த அவுட்புட் இம்பீடன்ஸுக்கு 3 மீட்டர்?

புதுக்காது:
ஒரு சந்தேகம். எத்தனை டெசிபல் குறைஞ்சா "செத்துடுச்சு"ன்னு சொல்றோம்?

தட்டுராஜா:
பாஸிவ் வால்யூம் பெட்டி (ஆம்ப் இல்லாத வெறும் வால்யூம் கன்ட்ரோல்) வச்சிருக்கிறவங்க என்ன செய்வாங்க? 50 கிலோ ஓம் பாட் (வால்யூம் திருகு), 6 டெசிபல் குறைச்ச இடத்தில் அவுட்புட் இம்பீடன்ஸ் 12.5 கிலோ ஓம். உங்க 10 மீட்டரைப் போட்டா 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே விழும். அதான் 3 மீட்டர்.

ஈயக்கம்பி:
அதே பாட், 3 மீட்டர்: 42 கிலோஹெர்ட்ஸ். 5 மீட்டரிலும் 25. உங்கள் உதாரணமே உங்கள் காலை வாருகிறதே.

ஐம்பது ஹெர்ட்ஸ்:
ரெண்டு பேரும் ட்ரெபிளைக் கட்டிக்கிட்டு அழறீங்க. நீளக் கேபிளில் முதலில் வர்றது ஹம் (மின்சாரத்தின் உறுமல்). ஷீல்டு மீட்டருக்கு 20 மில்லிஓம்னா 10 மீட்டருக்கு 0.2 ஓம். எர்த் லூப்பில் (ரெண்டு கருவியின் எர்த்தும் ஷீல்டும் சேர்ந்து உண்டாகும் வளையம்) 1 மில்லிஆம்பியர் ஓடினாலே 0.2 மில்லிவோல்ட் சிக்னலோடு சேரும். 100 மில்லிவோல்ட் சிக்னலுக்கு அது 54 டெசிபல்தான் கீழே; மெல்லிய இடத்தில் காதில் விழும். அலுமினியப் பின்னல் போட்ட டிவி கேபிளை ஆர்சிஏ ஆக்கினா ஷீல்டு ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும். செம்புப் பின்னல் அடர்த்தியா இருக்கணும்.

தட்டுராஜா:
ஷீல்டை ஒரு பக்கம் கழட்டிவிட்டா ஹம் போயிடும். இதுக்கு இவ்வளவு பாடமா?

ஈயக்கம்பி:
ஐயோ! ஆர்சிஏவில் ஷீல்டுதான் ரிட்டர்ன். கழற்றினால் ஹம் போகாது, ஹம் மட்டும்தான் இருக்கும். நீங்கள் சொல்வது இரண்டு கோர் (உள்கம்பி) கேபிளில், ரிட்டர்னுக்குத் தனிக் கோர் இருக்கும்போது. ஸ்பீக்கர் ஒயர் இழையிலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிவிட்டு மறைந்தீர்கள்.

தட்டுராஜா:
மறையலை. உங்க பிரசங்கம் முடியட்டும்னு காத்திருந்தேன்.

ஐம்பது ஹெர்ட்ஸ்:
லூப் இருந்தா அதை அறுக்க 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. பவர் ஆம்ப் பக்கத்தில், அதுக்கப்புறம் அரை மீட்டர் கேபிள் மட்டும். ப்ளக்கில் எர்த் பின்னை மட்டும் வெட்டிடாதீங்க, ஆளைக் கொல்லும்.

தட்டுராஜா:
டர்ன்டேபிள் ஊசி பொருத்தும் எம்எம் (மூவிங் மேக்னெட்) கார்ட்ரிட்ஜுக்கு என்ன பதில்? 500 மில்லிஹென்றி காயில், கேபிளும் இன்புட்டும் சேர்ந்து 300 பிகோஃபாரட், ரெசனன்ஸ் 13 கிலோஹெர்ட்ஸ்; அதுக்கு மேலே ட்ரெபிள் விழும். அங்கே 3 மீட்டரே அதிகம்!

ஈயக்கம்பி:
லைன் லெவலில் தோற்றதும் டர்ன்டேபிளுக்குத் தாவியாச்சு. ஃபோனோவுக்கு (டர்ன்டேபிள் இணைப்புக்கு) 1 மீட்டர் என்று யார் மறுத்தது? அங்கேயும் உங்கள் 3 பொய்தான்.

புதுக்காது:
என் கேள்விக்கு...

தட்டுராஜா:
3 மீட்டர். எழுதி வச்சுக்கோங்க.

ஈயக்கம்பி:
எந்த இம்பீடன்ஸுக்கு?