பயோகெமிஸ்ட்ரி முதலாண்டில் என்னென்ன பாடங்கள் எடுத்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சி, இப்போது நியூ ஜெர்சி

என் தங்கை இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்) சேரப் போகிறாள். முதல் செமஸ்டருக்கு என்ன எடுக்கலாம் என்று நேற்று வீடியோ காலில் கேட்டாள். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதையே இங்கே எழுதிவைக்கிறேன். மற்றவர்களும் தங்களுக்கு நடந்ததைச் சொன்னால் அவளுக்கு மட்டுமல்ல, அவளைப் போலக் கிளம்புகிற பிள்ளைகளுக்கும் உதவும்.

நான் பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணிதம் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. டாக்டராக நினைக்கும் பிள்ளைகள் நம் ஊரில் பலர் இப்படித்தான் எடுக்கிறார்கள். அமெரிக்கா வந்து முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்தபோதும் கணிதத்தைத் தள்ளிவைத்தேன். எடுத்தவை: உயிரியல் 4 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு), பொது வேதியியல் 4, இயற்பியல் 4, ஆங்கிலக் கட்டுரை வகுப்பு 3, புது மாணவர்களுக்கான வகுப்பு 1. மொத்தம் 16. நான்கு வருடத்தில் 120 கிரெடிட் முடிக்க செமஸ்டருக்கு 15 வேண்டும் என்பதால் 16 எனக்குப் பெரிதாகப் படவில்லை.

லேப் விஷயத்தில்தான் அந்தக் கணக்கு ஏமாற்றியது. வாரம் 3 மணி நேரம் லேபில் நின்றால் 1 கிரெடிட்தான். அந்த 3 மணி நேரத்துக்கு முன்னால் படித்துவிட்டுப் போக வேண்டும், பின்னால் ரிப்போர்ட் எழுத வேண்டும். மூன்று அறிவியல் பாடம் என்றால் மூன்று லேப், மூன்று ரிப்போர்ட். நம் ஊரில் ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ரெக்கார்டில் படம் போட்டு அழகாக எழுதுவோம். இங்கே லேப் நோட்டில் அங்கேயே, பேனாவில் எழுத வேண்டும். தப்பானால் ஒரே கோடு போட்டு அடிக்கலாம், பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பியூரெட்டில் (திரவத்தை அளந்து விடும் குழாய்) 24.3 என்று எழுதியதற்கு மதிப்பெண் போனது. கோடுகளுக்கு நடுவே கணித்து 24.30 என்று இரண்டாவது தசமமும் எழுத வேண்டுமாம். நீட்டுக்காக மோல் கணக்கெல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன், அதனால் வேதியியல் சுலபமாக இருக்கும் என்று நம்பினேன். பாடம் தெரிந்ததுதான். வேலை செய்யும் பழக்கம்தான் முழுக்கப் புதிது.

ஆறாவது வாரம் இயற்பியலைக் கைவிட முடிவு செய்து அட்வைசரிடம் போனேன். ஓய்வு பெறும் வயதில் இருந்த பேராசிரியை. அவர் முதலில் கேட்டது என் விசாவைப் பற்றி. எஃப்-1 மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போவதானால் முன்கூட்டியே சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 16இல் 4 போனால் சரியாக 12. புது மாணவர்களுக்கான அந்த ஒரு கிரெடிட் வகுப்பை நான் எடுக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே சிக்கல். அதுவரை இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

அப்புறம் அவர் ஒரு தாளை எடுத்து மேலே “பிசிக்கல் கெமிஸ்ட்ரி, மூன்றாம் ஆண்டு” என்று எழுதினார். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்களைக் காட்ட, அதிலிருந்து கீழே இரண்டு அம்புக்குறி. ஒன்று கால்குலஸ் (நுண்கணிதம்) 2, மற்றொன்று இயற்பியல் 2. அவற்றுக்குக் கீழே கால்குலஸ் 1, இயற்பியல் 1. பக்கத்தில் இன்னொரு சங்கிலி: மேலே பயோகெமிஸ்ட்ரி, அதன் கீழே ஆர்கானிக் (கரிம வேதியியல்) 2, ஆர்கானிக் 1, பொது வேதியியல் 2, பொது வேதியியல் 1. “இதில் நீ எங்கே நிற்கிறாய், காட்டு” என்றார். வேதியியல் பக்கம் கடைசிப் படியில் விரல் வைத்தேன். கணிதப் பக்கத்தில் விரல் வைக்க இடமே இல்லை. எந்தக் கணித வகுப்பில் சேரலாம் என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்டில் எனக்கு ப்ரீகால்குலஸ்தான் கிடைத்திருந்தது, அதாவது கால்குலஸுக்கும் ஒரு படி கீழே. அதையும் நான் எடுத்திருக்கவில்லை.

எங்கள் துறையில் பிசிக்கல் கெமிஸ்ட்ரி இலையுதிர் செமஸ்டரில்தான் தொடங்கும். அதைத் தவறவிட்டால் ஒரு முழு வருடம் தள்ளிப்போகும். அதனால் அடுத்த செமஸ்டரில் ப்ரீகால்குலஸ், கோடையில் தனியாகக் கட்டணம் கட்டி கால்குலஸ் 1, இரண்டாம் ஆண்டு கால்குலஸ் 2, கூடவே இயற்பியல் என்று ஓடினேன். கோடைக் கட்டணத்துக்கு அப்பா நகை வைத்தார். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. முதல் வாரமே அந்தத் தாளை யாராவது எனக்கு வரைந்து காட்டியிருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. அதனால்தான் தங்கையிடம் சொன்னேன்: பாடப் பட்டியலை மேலிருந்து கீழே படிக்காதே, மூன்றாம் ஆண்டிலிருந்து பின்னோக்கி வா.

ஸ்காபரோ

அக்கா, உங்கட அந்தத் தாளை வாசிக்க எனக்கு நெஞ்சு அடித்தது. நான் ரொறன்ரோ பல்கலைக்கழக நகர வளாகத்தில் படித்தேன். அங்கே முதலாம் ஆண்டில் நீங்கள் இன்னும் பயோகெமிஸ்ட்ரி மாணவர் இல்லை. 4.0 கிரெடிட் முடித்த பிறகுதான் அந்தப் பிரிவில் இடம் கேட்க முடியும். கிரெடிட் கணக்கு அங்கே வேறு, ஆண்டுக்கு 5.0 கிரெடிட், அரைப் பாடம் ஒன்று 0.5. ஆகவே முதலாம் ஆண்டில் எடுக்கும் வேதியியல், உயிரியல் புள்ளிகள்தான் உங்களுக்காகக் கதைக்கும்.

எனக்குக் கணிதம் ஓடியது, ஏன் படிக்கிறேன் என்பதுதான் விளங்கவில்லை. ஒருநாள் ரியூட்டோரியல் முடிந்து எல்லாரும் போன பிறகு, அங்கே பாடம் எடுத்த முனைவர் பட்ட மாணவியிடம் கேட்டேன், புரதம் படிக்க வந்தவளுக்குக் கால்குலஸில் வரும் வகையீடு எதற்கு என்று. அவ கரும்பலகையைத் துடைத்துவிட்டு என்சைம் (உயிர்களில் வினையை விரைவாக்கும் புரதம்) ஒன்றின் வேகத்தை எழுதத் தொடங்கினா. 1913இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும் மோட் மென்டனும், சீனியை உடைக்கும் என்சைமை வைத்து எழுதின சமன்பாடு. 1925இல் பிரிக்ஸும் ஹோல்டேனும் அதையே வேறு வழியால் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் முதல் வரியே வகையீடுதான்: என்சைமோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளின் அளவு நேரத்தோடு மாறும் வீதம் பூச்சியம். “மென்டன் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தவ, 1911இல் மருத்துவப் பட்டம் எடுத்தவ” என்று கடைசியாகச் சொன்னா. அன்று சுரங்க ரயிலில் வீட்டுக்குப் போகும்போது கால்குலஸ் புத்தகத்தை விரும்பித் திறந்தேன்.

இன்னொன்று. ஐந்து பாடமும் அறிவியலாக எடுக்கச் சொல்லி வீட்டில் சொன்னார்கள். தமையன் மட்டும் வேண்டாம் என்றான். மெய்யியல் பாடம் ஒன்றை எடுத்து, புள்ளி சராசரியில் சேராதபடி தேர்ச்சி மட்டும் பதிவாகும் முறையில் வைத்தேன். அந்த வசதி உங்கள் பிரிவுக்குக் கட்டாயமான பாடங்களுக்குச் செல்லாது, அதை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சைக் காலத்தில் அந்த ஒரு பாடம்தான் எனக்கு மூச்சு விட இடம் தந்தது.

கோவை

இங்கே பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியில் நமக்குத் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. பகுதி ஒன்றில் தமிழா வேறு மொழியா, அவ்வளவுதான். அலைடு, அதாவது துணைப்பாடமான வேதியியலைக் கல்லூரியே கொடுத்துவிட்டது. அதனால் திட்டமிட எதுவும் இல்லை என்று நானும் நினைத்தேன்.

மூன்றாம் ஆண்டில், ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் விழித்தேன். உயிரியலோடு வேதியியல், கணிதம், இயற்பியல் கேள்விகளும் அதில் வரும், பிளஸ் டூ அளவில். நானும் ப்யூர் சயின்ஸ்தான். எங்கள் மேடம் ஒருவர் சனிக்கிழமைகளில் உட்காரவைத்து மடக்கையிலிருந்து தொடங்கினார். அமிலத்தன்மையைச் சொல்லும் பிஹெச் என்பதே மடக்கைதானே, பிஹெச் மாறாமல் காக்கும் பஃபர் கரைசலைத் தயாரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது எப்படி வராது என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை நிமிர்த்தியது. ஜாமில் இடம் கிடைக்கவில்லை, மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தேன். முதலாண்டிலேயே வாரம் இரண்டு மணி நேரம் கணிதத்துக்கு ஒதுக்கியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இருக்கிறது.

டாலஸ், ஒரு அப்பா

என் மகள், பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவுத் தேர்வான ஏ.பி. கெமிஸ்ட்ரியில் முழு மதிப்பான 5 வாங்கினாள். பொது வேதியியல் இரண்டையும் தாண்டி நேராக ஆர்கானிக் எடுக்கலாம் என்று கல்லூரி சொன்னது. எனக்குப் பெருமைதான். மருத்துவப் படிப்புக்கு வழிகாட்டும் அட்வைசர் எங்களை நிறுத்தி இரண்டு விஷயம் சொன்னார். சில மருத்துவக் கல்லூரிகள் ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்லை, அப்படிப்பட்ட இடங்களுக்கு பொது வேதியியலுக்கு மேற்பட்ட வேதியியல் பாடம் ஏதாவது கூடுதலாகக் காட்ட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், ஆர்கானிக் வகுப்பில் கூட உட்காரும் எல்லாரும் ஒரு வருடம் கல்லூரி லேபில் கை பழகியவர்கள். மகள் யோசித்து, பொது வேதியியல் 2இல் சேர்ந்தாள். என் ஆசைக்கு அது பின்வாங்கல் மாதிரி இருந்தது, ஆனால் அவள் எடுத்த முடிவே சரி. சமநிலையும் பஃபரும் அந்த வகுப்பில்தான் அவளுக்கு உறுதிப்பட்டன.

2015இலிருந்து, மருத்துவக் கல்லூரியில் சேர எழுதும் எம்கேட் தேர்வில் உளவியல், சமூகவியலுக்கும் ஒரு பகுதி உண்டு. அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் முதலாண்டிலேயே அறிமுக உளவியலை எடுத்துவிடலாம், பல இடங்களில் லேப் கிடையாது.

திருச்சி, இப்போது நியூ ஜெர்சி

எல்லாவற்றையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். மென்டன் கதையை இரண்டு தடவை கேட்டாள். இப்போதைக்கு அவள் பட்டியல் இது: பொது வேதியியல் 4, உயிரியல் 4, கட்டுரை வகுப்பு 3, கணிதம் 4. மொத்தம் 15, லேப் இரண்டே இரண்டு. உளவியல் அடுத்த செமஸ்டரில், இயற்பியல் இரண்டாம் ஆண்டில்.

கணிதம் என்பது ப்ரீகால்குலஸா கால்குலஸா என்பதை ஜூலையில் வரும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் சொல்லும். அவளும் ப்யூர் சயின்ஸ்தான். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தோடு நாளையிலிருந்து மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், முதலில் மடக்கை, அப்புறம் முக்கோணவியல்.