சோபெலில் பெருக்கி எங்கே இருந்தது, எடுத்துப் போடுவதற்கு?

சில்லுவண்டு:
ஓரப்பார்வை நேற்று இங்கே போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மண்டை காய்கிறது. "எங்கள் சோபெல் எட்ஜ் டிடெக்‌ஷன் சர்க்யூட்டில் மல்டிப்ளையரே கிடையாது, அதனால்தான் பவர் பாதியாகக் குறைந்தது" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக 'வாழ்த்துகள் சகோ', 'அருமை சகோ'. ஒருத்தராவது கேட்டீர்களா, சோபெலில் மல்டிப்ளையர், அதாவது எண்களைப் பெருக்கும் சர்க்யூட், எப்போது இருந்தது என்று? சோபெல் என்பது படத்தில் ஓரங்களைக் கண்டுபிடிக்கிற கணக்கு, பிக்சல்களை ஒரு மூன்றுக்கு மூன்று கட்டத்து எண்களால் பெருக்கிக் கூட்டும். அந்தக் கட்டத்தில் இருப்பது 0, 1, 2, அப்புறம் அவற்றின் மைனஸ். ஒன்றால் பெருக்க ஒன்றும் வேண்டாம். இரண்டால் பெருக்க பிட்டுகளை ஒரு இடம் தள்ளினால் போதும். அதற்கு ஒரு லாஜிக் கேட்கூட வேண்டாம், வெறும் ஒயர். மொட்டைத் தலையன் முடிவெட்டும் செலவை மிச்சம் பிடித்தேன் என்று சொன்ன கதை இது.

ஓரப்பார்வை:
வண்டு அண்ணே, பதிவை முழுசாகப் படித்தீர்களா? நாங்கள் ஒப்பிட்டது ஒரு பொதுவான கன்வல்யூஷன் பிளாக்கோடு, அதாவது எந்த எண்கள் உள்ள கட்டத்தையும் பெருக்கிக் கூட்டும் சர்க்யூட்டோடு. கிடைக்கு ஒரு கெர்னல் (நீங்கள் சொன்ன கட்டம்), செங்குத்துக்கு ஒரு கெர்னல், ஆளுக்கு ஒன்பது, மொத்தம் 18 மல்டிப்ளையர். அத்தனையையும் எடுத்தோம். எடுத்தது எடுத்ததுதானே?

சில்லுவண்டு:
அந்த 18இல் ஆறு, சைபரால் பெருக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் தம்பி. அந்த பிளாக் எந்த ஃபில்டரையும் ஓட்டுவதற்குச் செய்தது, எண்கள் ரிஜிஸ்டரில் இருந்து வரும், வேண்டும்போது மாற்றலாம். உங்களுடையது சோபெல் மட்டும் ஓட்டும். லாரியையும் மொபெட்டையும் நிறுத்திவைத்து மைலேஜ் ஒப்பிடுவீர்களா? சர்க்யூட் எழுதும் மொழியான வெரிலாக்கில் நேராக 2 என்று எழுதிப் பாருங்கள், அதை கேட்டுகளாக மாற்றும் சிந்தசிஸ் டூலே ஷிஃப்ட்டாக, அதாவது பிட் தள்ளலாக, மாற்றிவிடும். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. வெறும் ஒயர்.

கம்பிவடம்:
ஒயர் என்றால் இலவசமா? ஒயருக்கும் கப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டம் பிடித்துவைக்கும் தன்மை) உண்டு. பிட் மாறும்போது செலவாகும் டைனமிக் பவர் என்பது கப்பாசிட்டன்ஸ், வோல்டேஜின் வர்க்கம், ஃப்ரீக்வென்சி, பிட் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது, இவற்றின் பெருக்கம். (பெருக்கம் என்று சொல்லிவிட்டேன், மல்டிப்ளையர் எங்கே என்று வந்துவிடாதீர்கள்.)

சில்லுவண்டு:
வந்துவிட்டார். கிளாக் கேட்டிங் பற்றி முன்பு இங்கே நடந்த விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை போல. ஐயா, ஷிஃப்ட் செய்யாவிட்டாலும் அந்த ஒயர் ஆடருக்கு, அதாவது கூட்டல் சர்க்யூட்டுக்கு, போகத்தான் வேண்டும். ஐந்தாம் பிட்டுக்குப் போவது ஆறாம் பிட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதில் கூடுதல் ஒயர் எங்கே வந்தது?

தனித்தமிழ்ப்பித்தன்:
மல்டிப்ளையர், மல்டிப்ளையர் என்று எத்தனை முறை எழுதுவீர்கள்? பெருக்கி என்ற சொல் இருக்கிறது. எட்ஜ் டிடெக்‌ஷன் என்பது விளிம்பு கண்டறிதல்.

பழைய வெரிலாக்:
எங்கள் வீட்டில் பெருக்கி என்றால் விளக்குமாறு. பெருக்கி இல்லாத சர்க்யூட் என்றால் குப்பையாகக் கிடக்கிறது என்று நினைப்பார்கள்.

தனித்தமிழ்ப்பித்தன்:
இந்தக் கிண்டலால்தான் தமிழில் ஒரு பாடநூல்கூட உருப்படவில்லை.

ஓரப்பார்வை:
இன்னொன்றும் செய்திருக்கிறோம், அதை யாருமே பேசவில்லை. இரண்டு கிரேடியன்ட்டையும் (இரண்டு கெர்னலும் தரும் விடைகளை) வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்காமல், மைனஸ் குறியை எறிந்துவிட்டு நேராகக் கூட்டினோம். கடைசி மூன்று பிட்டுக்குக் கூட்டலுக்குப் பதில் வெறும் ஆர் கேட் (இரண்டில் ஒன்று 1 என்றாலும் 1 தரும்), அடுத்த இடத்துக்குப் போகும் கேரி கிடையாது. படத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

பழைய வெரிலாக்:
நேராகக் கூட்டினால் 45 டிகிரி சாய்வான ஓரத்தில் விடை 41 சதவீதம் அதிகமாக வரும். கிடையாகவோ செங்குத்தாகவோ உள்ள ஓரத்தில் சரியாக இருக்கும், சாய்கோட்டில் உப்பிவிடும். பெரியதோடு சிறியதில் பாதியைச் சேர்த்தால் பிழை 12 சதவீதத்துக்குள் அடங்கும். பாதி என்பதும் ஷிஃப்ட்தான். அப்புறம், ஒரு பிக்சல் 255 வரை என்பதால் ஒவ்வொரு கிரேடியன்ட்டும் 1020 வரை போகும், கூட்டினால் 2040. பதினோரு பிட் வைத்தீர்களா, இல்லை எட்டிலேயே வெட்டிவிட்டீர்களா?

சில்லுவண்டு:
2040 வராது. இரண்டும் ஒரே சமயத்தில் உச்சத்துக்குப் போக முடியாது. இரண்டு கெர்னலையும் கூட்டிப் பாருங்கள், ஒரு மூலையும் அதன் இரண்டு பக்கத்துப் பிக்சல்களும் தலா 2, எதிர்ப்பக்கத்து மூன்றும் மைனஸ் 2, மிச்சம் மூன்றும் சைபர். ஆறு தடவை 255, ஆக 1530. அதுதான் உச்சம்.

பழைய வெரிலாக்:
1530க்கும் பதினோரு பிட்தான் வேண்டும்.

சில்லுவண்டு:
பதினோரு பிட் வேண்டாம் என்று நான் சொன்னேனா? 2040 வராது என்றேன். சரி, விஷயத்துக்கு வருவோம். பவர் எங்கே போகிறது என்று தெரியாமல் ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் ஒரு மாநாட்டு உரையில் காட்டிய கணக்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 45 நானோமீட்டர் சிப்பில் எட்டு பிட் கூட்டலுக்கு 0.03 பிகோஜூல், எட்டு பிட் பெருக்கலுக்கு 0.2. சிப்புக்கு வெளியே இருக்கும் டிராம் என்ற நினைவகத்துக்கு ஒரு தடவை போய் 64 பிட் எடுத்துவந்தால் 1300 முதல் 2600 பிகோஜூல். ஒரு தடவை டிராமைத் தொடுகிற செலவில் நாற்பதாயிரம் கூட்டல் போடலாம். அதனால்தான் லைன் பஃபர். 1920 பிக்சல் அகலப் படத்துக்கு முந்தைய இரண்டு வரிகளை சிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டால் போதும். ஒரு வரி 15,360 பிட், சிப்புக்குள் இருக்கும் 18 கிலோபிட் நினைவகமான பிளாக் ராம் ஒன்றில் அடங்கிவிடும். ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒரு பிக்சல் உள்ளே, ஒரு விடை வெளியே. மிச்சம் பிடிக்கிற இடம் அது. இவர் பதிவில் லைன் பஃபர் பற்றி ஒரு வரிகூட இல்லை. மல்டிப்ளையர் என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில் இருக்கிறது, எண்ணினேன்.

கம்பிவடம்:
வேலை வெட்டி இல்லாதவர் எண்ணுவார். கேமரா சென்சாரில் இருந்து நேராக வருகிற பிக்சலுக்கு டிராம் எங்கே இருக்கிறது? இல்லாத மல்டிப்ளையரை எடுத்தார் என்று அவரைத் திட்டிவிட்டு, இல்லாத டிராமை நீங்கள் எடுக்கிறீர்கள்.

ஓரப்பார்வை:
கம்பி அண்ணே 🙏

சில்லுவண்டு:
டிராம் இல்லை என்றால் லைன் பஃபர் மட்டும் தனியாக நின்று அடிவாங்கும். 60 ஃப்ரேம் ஓடும் 1080பி வீடியோவுக்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் கிளாக், ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு ராமிலும் ஒரு படிப்பு, ஒரு எழுத்து. அதைக் குறைக்க என்ன செய்தார் என்று கேட்டால் பதில் இல்லை. பவர் பாதியாகக் குறைந்தது என்கிறாரே, எதில் அளந்தார்? டூல் ரிப்போர்ட்டா? சிமுலேஷன் ஃபைல் கொடுக்காவிட்டால் விவாடோ டூல் தானாகவே 12.5 சதவீதம் டாகிள் ரேட் (பிட் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பது) என்று எடுத்துக்கொள்ளும். வானத்தைப் படம் பிடித்தாலும் அதுதான், ஆற்று மணலைப் படம் பிடித்தாலும் அதுதான். நான் ஒருமுறை போர்டுக்குப் போகிற ஐந்து வோல்ட் லைனில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சோபெலை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கடைசி இலக்கம் மட்டும்தான் ஆடியது. மிச்சமெல்லாம் ப்ராசசரும் எச்டிஎம்ஐ சிப்பும் தின்றுவிட்டன.

ஓரப்பார்வை:
டூல் ரிப்போர்ட்தான். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். லெனா என்ற சோதனைப் படத்தில் விடை துல்லியமாக வந்தது.

பழைய வெரிலாக்:
இன்னும் லெனாவா? 1972இல் வந்த பிளேபாய் படம் தம்பி அது. 2024 ஏப்ரல் முதல் பொறியாளர் சங்கமான ஐஇஇஇயின் கம்ப்யூட்டர் சொசைட்டி அந்தப் படம் இருக்கிற கட்டுரைகளை ஏற்பதே இல்லை. தெருவில் ஒரு ஆட்டோவைப் படம் பிடித்து ஓட்டிப் பாருங்கள்.

ஓரப்பார்வை:
குறை சொல்ல மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. நீங்கள் யாராவது ஒரு சர்க்யூட் செய்து இங்கே போட்டிருக்கிறீர்களா?

சில்லுவண்டு:
போட்டால் மட்டும் என்ன ஆகும்? 'வாழ்த்துகள் சகோ' வரும். ஆர் கேட் ஆடர்தான் உங்கள் வேலையில் உருப்படியான பகுதி, அதைத் தலைப்பில் போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மல்டிப்ளையரை எடுத்தேன் என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறியது.

ஓரப்பார்வை:
எடுத்தோம் அண்ணே. பதினெட்டு.

சில்லுவண்டு:
இல்லாததை எடுக்க முடியாது.

ஓரப்பார்வை:
அடுத்த வாரம் கேனி என்ற இன்னொரு ஓரம் கண்டுபிடிக்கும் முறையைப் போடுகிறேன். அதிலும் மல்டிப்ளையர் கிடையாது.

தனித்தமிழ்ப்பித்தன்:
பெருக்கி.

கம்பிவடம்:
வண்டு, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒயர் இலவசமா, இல்லையா?

சில்லுவண்டு:
ஷிஃப்ட் இலவசம்.

கம்பிவடம்:
நான் கேட்டது ஒயர்.

சில்லுவண்டு:
மேலே போய் என் இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கம்பிவடம்:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.