சபையின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களை மோர்மன்காரர் படம் எடுக்கலாமா?

பனங்கொட்டை (திரியைத் தொடங்கியவர்)

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய புரட்டஸ்தாந்து சபை எங்களுடையது. பெயர் இப்போதைக்கு வேண்டாம். பின்னறையில் ஒரு இரும்பு அலுமாரி நிற்கிறது. அதற்குள் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று பதினொரு புத்தகங்கள். மூத்த புத்தகம் 1840களில் தொடங்குகிறது. இரண்டை முதுகுப்பக்கமாகக் கறையான் தின்றுவிட்டது.

ரொறன்ரோவில் என் சின்னம்மாவின் பக்கத்து வீட்டில் ஒரு வயதான சோடி. ஐயா பஸ் ஓடியவர், அம்மா வங்கியில் இருந்தவ. இருவரும் மோர்மன் சபை, அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பென்சன் எடுத்த கையோடு பதினெட்டு மாதம் சபை ஊழியம் என்று வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுக்குப் போய் வந்திருக்கிறார்கள். பிரசங்கம் இல்லை, வீடு வீடாகக் கதவு தட்டுவதும் இல்லை. அவ பக்கத்தைத் திருப்ப, அவர் படம் எடுப்பார். விமான ரிக்கற், வாடகை, சாப்பாடு எல்லாம் தங்கள் சேமிப்பில். படங்களின் ஒரு பிரதியைக் காப்பகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்களாம்.

"உங்கள் சபைக்கும் ஆள் அனுப்புவார்களா என்று கேட்கட்டா?" என்கிறா சின்னம்மா. போன ஞாயிறு ஆராதனை முடிந்து இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம், முடிவில்லை. நீங்கள் சொல்லுங்கோ.

தேவாரம்_மாஸ்டர்

வேண்டவே வேண்டாம். அவர்கள் ஏன் உலகம் முழுக்கப் பெயர் பொறுக்குகிறார்கள் தெரியுமா? செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க. உயிரோடு இருக்கும் ஒருவர் உங்கள் பூட்டியின் பெயரில் தங்கள் ஆலயத் தொட்டியில் முழுகி எழும்புவார். யூத இனப்படுகொலையில் இறந்தவர்களின் பெயர்களுக்கும் இதைச் செய்து பெரிய பிரச்சினையாகி, 1995 இல் யூத அமைப்புகளோடு நிறுத்துவதாக உடன்பாடு செய்தார்கள். 2008 இல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை இவர்களுடைய வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலகத்து மறைமாவட்டங்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. கத்தோலிக்கரே கதவைப் பூட்டியபிறகு நீங்கள் ஏன் யன்னலைத் திறக்கிறீர்கள்?

ஆடிக்கூழ்

மாஸ்டர், நான் சைவம், உங்கள் சபை விஷயத்தில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் விடியப்புறம் நின்று பார்த்திருக்கிறீர்களா? செத்துப்போன அப்பாவுக்காக மகன் முழுகி எழும்புகிறான். அப்பாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் செத்தவனுக்காகத் தண்ணீரில் இறங்குவது எங்கள் ஊருக்குப் புதிதா?

தேவாரம்_மாஸ்டர்

மகன் தன் அப்பாவுக்காக முழுகுகிறான் தம்பி. அமெரிக்காவில் எவனோ ஒருவன் என் அப்பாவுக்காக முழுகினால் அது வேறு கதை.

தலைமுறை4

அவர்கள் விதியும் அதுதான் மாஸ்டர். தன் சொந்த முன்னோரின் பெயரைத்தான் கொடுக்கலாம். பிறந்து 110 வருடம் ஆகாதவர் என்றால் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். செத்தவரின் ஆத்துமா அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்பதும் அவர்கள் போதனை. விதியை மீறியவர்கள் இருக்கிறார்கள், அதனால்தானே அந்த உடன்பாடே வந்தது. ஆனால் ஒரு சடங்கு எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் புத்தகத்தைக் கறையானுக்குக் கொடுக்க என்னால் முடியாது.

நீங்கள் 1995 என்றதும் எனக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அதே வருடம் ஒக்ரோபர் 30, போரில் இராணுவம் நெருங்க வலிகாமம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு. எங்கள் பக்கத்துச் சபையின் புத்தகங்களை அப்பாவும் இன்னொருவரும் இரண்டு உரப்பையில் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டினார்கள். மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கி அடித்ததில் அடி எடுத்து வைக்க இடமில்லை. சாவகச்சேரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் பையை அவிழ்த்தால் ஒரு புத்தகம் அப்பம் போல ஊதிப்போய் இருந்தது. அம்மா அதை ஒவ்வொரு ஒற்றையாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்டா, பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடச் சட்டை. மை கரைந்து, 1890களில் ஆறு வருடம் வெறும் ஊதாக் கறை. அந்த ஆறு வருடத்தில் பிறந்தவர்களுக்கு இனி ஆதாரம் எங்கே? ஒரு படம் இருந்திருந்தால் போதும்.

பழைய_மாணவி

1981 இல் யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகம் எரிந்தது. அதற்குப் பிறகும் "ஒரே ஒரு பிரதி, அதுவும் எங்கள் அலுமாரியில்" என்று பெருமைப்படுகிற சனம் நாங்கள்தான். மோர்மன்காரர் 1938 இல் மைக்ரோபிலிம் எடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஊட்டா மாநிலத்துச் சோல்ட் லேக் சிற்றிக்குப் பக்கத்தில் கருங்கல் மலையைக் குடைந்து பெட்டகம் கட்டி, இருபத்துநான்கு லட்சம் சுருளுக்கு மேல் சேர்த்து, 2021 இல் அவ்வளவையும் கணினிக்கு மாற்றி முடித்தார்கள். அதில் பாதி அக்கறை எங்களுக்கு இருக்கிறதா?

கடலோரக்_காகம்

எல்லோரும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்கள் சபைப் புத்தகத்தில் என் பூட்டனாரின் ஞானஸ்நானம் இருக்கிறது. சங்கானையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன் ஒருமுறை காட்டினார். பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில். தொழிலுக்குப் பக்கத்தில் சாய்வெழுத்தில் ஒரு சொல், சாதியின் பெயர். யாரோ பிற்காலத்தில் நீல மையால் அதன் மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். அடியில் உள்ளது வடிவாக வாசிக்கலாம். அந்தச் சொல்லிலிருந்து தப்பத்தான் அந்த மனுசன் சபைக்கு வந்தார். படம் எடுத்து இணையத்தில் போட்டால், இலவசக் கணக்கு ஒன்று திறந்த எவனும் பார்க்கலாம். பொம்பிளை பார்க்கிறவர்கள் குறிப்புக்கு முன்னம் இதைப் பார்ப்பார்கள். புரோக்கருக்கு பஸ் காசும் மிச்சம்.

ஒல்லாந்தர் தோம்புகளிலும், அதாவது காணி, குடும்பப் பதிவேடுகளிலும், சாதி எழுதினார்கள். எங்களை எண்ணினவர்கள் பலரும் அந்தப் பெட்டியை நிரப்பித்தான் வைத்தார்கள். இப்போது அதைச் சொடுக்கினால் திறக்கும்படி ஆக்கப் போகிறோமா?

ஆடிக்கூழ்

உண்மையைச் சொன்னால் ஊருக்குள் அது ஏற்கெனவே வாய்வழியாகத் திரிகிறதுதானே?

கடலோரக்_காகம்

வாய் மறக்கும், மாறிச் சொல்லும். வெளிநாட்டில் பிறந்த என் பெறாமகளுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். தேடுபொறிக்கு மறதி இல்லை.

பனங்கொட்டை

காகம் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை, என்னையும் சேர்த்து. வெட்கமாக இருக்கிறது.

தலைமுறை4

படம் எடுப்பதும் அதை எல்லோருக்கும் திறப்பதும் இரண்டு வேலை, காகம். மோர்மன்காரரின் இணையத்தளத்திலேயே சில பதிவேடுகளை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. புத்தகத்துக்கு உரியவர்கள் போட்ட ஒப்பந்தப்படி, மோர்மன் சபை நடத்தும் நிலையங்களுக்குப் போனால்தான் திறக்கும். அதையும்விட இறுக்கமாகக் கேட்கலாம். படம் எடு, பூட்டி வை, திறப்பு எங்களிடம்.

தேவாரம்_மாஸ்டர்

திறப்பு ஊட்டாவில் இருக்கும்போது "எங்களிடம்" என்றால் யாரிடம்?

இன்னொன்று. படம் எடுத்தால் போதாது, யார் வாசிப்பது? எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகும், பேரனிடம் அதுவும் இராது. அமெரிக்க மிசனறிமார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரிக் காலத்தில் காசு கொடுத்த அமெரிக்கரின் பெயரைப் பொடியனுக்கு வைத்தார்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பிறகு சைவத்துக்குத் திரும்பினால் மூன்றாவது பெயர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி. தகப்பனும் மகனும் என்று அமெரிக்காவில் இருக்கும் எந்தக் கணினி கண்டுபிடிக்கும்? தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'ணை' எழுத்தையே எங்கள் பிள்ளைகள் தடுமாறித்தான் வாசிக்கிறார்கள்.

பழைய_மாணவி

அப்போ வாசிக்கத் தெரிந்த நீங்களே செய்யுங்கோ மாஸ்டர். நக்கலாகச் சொல்லவில்லை. நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து எங்கள் புத்தகம், பத்திரிகை, சஞ்சிகை எல்லாவற்றையும் மின்வருடி இணையத்தில் போடுகிறது. வழி தெரியாத வேலை இல்லை இது. மோர்மன்களிடம் எனக்குப் பிடித்தது அவர்கள் மலையும் பெட்டகமும் இல்லை, அந்த பஸ் ஓடிய ஐயாவும் அவருடைய மனுசியும்தான். அறுபத்தைந்துக்குமேல் பதினெட்டு மாதம், கைக்காசு போட்டு, முன்பின் தெரியாத சனத்தின் பெயர்களைப் பக்கம் பக்கமாகத் திருப்புகிறார்கள். எங்கள் ஊரில் பென்சன் எடுத்த சோடி இல்லையா? காலையில் பேப்பர், பின்னேரம் சீரியல். என் வீட்டிலும் அதேதான்.

தேவாரம்_மாஸ்டர்

நான் பென்சன் எடுத்து எட்டு வருடம். மனுசி ஒன்பது. அவவின் கண் பரவாயில்லை, எனக்கு ஒன்றில் புரை. பக்கம் திருப்ப அது தடையில்லை.

பனங்கொட்டை, கமரா இருக்கிறதா?

பனங்கொட்டை

என் போன்தான். மேலிருந்து நேராகப் பிடிக்க ஒரு தாங்கி வேண்டும். தச்சரிடம் சொல்லிப் பலகையில் அடிப்பிக்கலாம். சின்னம்மாவிடம் அந்தச் சோடியிடமே கேட்கச் சொல்கிறேன், ஒட்டிப்போன ஒற்றைகளை எப்படிப் பிரித்தார்கள், வெளிச்சத்தை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று. ஊழியத்துக்கு அழைக்கவில்லை, தொழில் விபரம் மட்டும்.

காகம், நீங்களும் வர வேண்டும். எது பூட்டியிருக்க வேண்டும் என்று எங்களை மட்டும் தீர்மானிக்க விடாதேங்கோ.

கடலோரக்_காகம்

சனி பின்னேரம் என்றால் வருகிறேன். மூன்று மணிக்குப் பிறகு. அந்தப் பக்கத்தை நான்தான் திருப்புவேன்.