மாட்ரிட் காளைச்சண்டை டிக்கெட்: இந்தியாவிலிருந்து எடுக்க முடியவில்லை, உதவி தேவை

மே மாதக் கடைசியில் நானும் தம்பியும் மாட்ரிட் போகிறோம். சான் இசித்ரோ விழா சமயம் என்பதால் லாஸ் வெந்தாஸ் அரங்கில் ஒரு மாலை காளைச்சண்டை பார்க்க வேண்டும். டிக்கெட்தான் கிடைத்தபாடில்லை. (காளையைக் கொல்வார்கள் என்பது தெரியும். அந்த விவாதம் இங்கே வேண்டாமே.)

ஆன்லைனில் இருக்கை தேர்ந்தெடுக்கும் வரை சரியாகப் போகிறது. பணம் கட்டும் பக்கத்தில் ஓடிபி வராமலே நின்றுவிடுகிறது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்தாயிற்று, கிரெடிட், டெபிட் இரண்டு கார்டும் போட்டாயிற்று, வங்கிக்கும் போன் செய்தாயிற்று. அவர்கள் பக்கம் தடை எதுவும் இல்லையாம். சுற்றுலா ஏஜென்ட் ஒருவர் கைடோடு சேர்த்துத் தருகிறேன் என்கிறார், ஆனால் டிக்கெட் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்.

வேண்டியது சோம்ப்ரா, அதாவது நிழல் பக்கம், அடுத்தடுத்து இரண்டு இருக்கை. சோல் பக்கம் மலிவுதான், ஆனால் மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மேலடுக்கு என்றாலும் பரவாயில்லை. பெரிய மட்டதோர்கள், அதாவது பேர்பெற்ற காளைச்சண்டை வீரர்கள், இறங்கும் நாள்தான் வேண்டும் என்றில்லை, இளம் காளைகளோடு புதியவர்கள் மோதும் நொவில்யாதா நாளும் சம்மதம். அந்த விழாவில் பெரும்பாலான இருக்கைகள் சீசன் டிக்கெட்காரர்களுக்கே போய்விடும் என்பதுதான் பயம்.

விழா சமயத்தில் அங்கே போனவர்கள் சொல்லுங்கள்: முந்தின நாள் அரங்கின் கவுண்டருக்கே நேரில் போனால் நிழல் பக்கம் இரண்டு டிக்கெட் கிடைக்குமா?