மில்டன் சூறாவளி டாம்பா விரிகுடாவை நெருங்குகிறது: வலுக் குறைந்துவிட்டது என்று நம்பி வீட்டில் தங்கலாமா?

இளவேனில் (8 அக்டோபர் 2024, காலை)

என் தங்கையின் குடும்பம் புளோரிடாவின் டாம்பா விரிகுடாக் கரையில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், வெளியேற்ற மண்டலம் ‘பி’ என்று குறிக்கப்பட்ட பகுதியில், மாடியில்லாத ஒரு வீட்டில் வசிக்கிறது. மண்டலம் ஏ, பி, சி ஆகிய மூன்றிலும் உள்ளவர்கள் வெளியேற வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டுவிட்டது. ஆனாலும் தங்கையின் கணவர் தயங்குகிறார். அவர் சொல்லும் காரணங்களை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவற்றில் ஒன்றைக்கூட என்னால் உறுதியாக மறுத்துப் பேச முடியவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன் ஹெலீன் சூறாவளி வந்தபோது அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை; தெருமுனையோடு நின்றுவிட்டது. நேற்று வகை 5 ஆக இருந்த மில்டன் இன்று காலை வகை 4 ஆகக் குறைந்திருக்கிறது. கரையைக் கடக்கும்போது இன்னும் குறையும் என்று தேசியச் சூறாவளி மையமே சொல்கிறது. 2004இல் சார்லி, 2017இல் இர்மா, 2022இல் இயன் என்று ஒவ்வொரு முறையும் டாம்பாவைத்தான் காட்டினார்கள், ஒவ்வொரு முறையும் புயல் வேறெங்கோ போயிற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, தங்கையின் மாமியாருக்கு எண்பது வயது. ஊரே கிளம்பி ஊர்ந்துகொண்டிருக்கும் நெடுஞ்சாலையில் பத்து மணிநேரம் அவரைக் காரில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்கிறார்.

நான் மிகத் தொலைவில் இருக்கிறேன். செயற்கைக்கோள் படத்தில் அந்தச் சுழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் இன்றைக்குள் அவரிடம் பேசிவிடுவேன்.

---

மழைமானி (8 அக்டோபர், முற்பகல்)

அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, ‘வகை’ என்ற எண் காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது என்பதுதான். அந்த எண்ணை 1 முதல் 5 வரை தரும் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் ஒரு காலத்தில் கடல்நீர் எத்தனை அடி எழும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அது மக்களைத் தவறான முடிவுக்குக் கொண்டு சென்றதால் 2010இல் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். கடல்நீர் எழுச்சியைத் தீர்மானிப்பவை புயலின் பரப்பளவு, அது நகரும் வேகம், கரையை அணுகும் கோணம், அங்குள்ள கடலடியின் ஆழம் ஆகியவை. இவற்றில் எதுவும் அந்த ஒற்றை எண்ணில் இல்லை.

இன்று காலை நடந்திருக்கும் வலுக்குறைவும் ஆறுதல் தரக்கூடியது அன்று. நேற்று மில்டன் ஒரு நாளுக்குள் வகை 1இலிருந்து வகை 5க்கு ஏறியது. மையத்தின் காற்றழுத்தம் 900 மில்லிபாருக்கும் கீழே போயிற்று (அது குறையக் குறையப் புயல் வலுவானது என்று பொருள்). அப்போது அதன் கண், அதாவது நடுவில் காற்று அடங்கியிருக்கும் வட்டம், மிகச் சிறியதாக இருந்தது. அவ்வளவு சிறிய கண் நெடுநேரம் நிலைப்பதில்லை. அதைச் சுற்றி வெளியே புதிய கண்சுவர் (கண்ணைச் சூழ்ந்து மிகப் பலத்த காற்று வீசும் வளையம்) ஒன்று உருவாகி உள்ளிருப்பதை விழுங்கிவிடும். அந்த மாற்றம் நடக்கும்போது உச்ச வேகம் குறைகிறது, ஆனால் பலத்த காற்று வீசும் பரப்பு விரிகிறது. அதிகப் பரப்பின் மேல் வீசும் காற்று அதிக நீரைத் தள்ளும். கரையை நெருங்கும்போது வளிமண்டலத்தின் மேலடுக்குக் காற்று மில்டனின் சுழற்காற்று வேகத்தைக் குறைக்கும், அதே சமயம் அதன் பரப்பு பெருகும் என்றே முன்கணிப்பும் சொல்கிறது. எனவே இன்னும் 36 மணி நேரத்தில் ‘வகை 3 ஆகிவிட்டது’ என்ற செய்தி வந்தால், அதைக் கேட்டு அவர் பெட்டியைத் திரும்ப இறக்கிவைத்துவிடக் கூடாது.

டாம்பா விரிகுடா ஏன் இவ்வளவு அஞ்சப்படுகிறது என்பதற்கும் கடலடியே காரணம். புளோரிடாவின் மேற்குக் கரைக்கு வெளியே கடல் மிக மெதுவாக, நெடுந்தொலைவுக்கு ஆழமற்றே செல்கிறது. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் கீழே இறங்கித் திரும்பிச் செல்ல இடமிருக்கிறது. ஆழமற்ற இடத்தில் அதற்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. அந்த நீர் வாய் அகன்று உள்ளே குறுகும் விரிகுடாவுக்குள் தள்ளப்பட்டால், கோடியில் இருக்கும் டாம்பா நகரத்தருகே அது இன்னும் உயர்ந்து நிற்கும். கடைசியாக ஒரு பெருஞ்சூறாவளி அந்தப் பகுதியை நேராகத் தாக்கியது 1921 அக்டோபர் 25 அன்று. டாம்பாவில் பத்தடிக்கு மேல் நீர் எழுந்தது, அப்போது அது ஒரு சிறிய நகரம். இன்று விரிகுடாவைச் சுற்றி முப்பது லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள்.

ஹெலீனோடு ஒப்பிடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஹெலீன் டாம்பாவைத் தாக்கவே இல்லை. அதன் மையம் நூறு மைலுக்கும் அப்பால் கடலில் கடந்து போய், வடக்கே பிக் பெண்ட் கரையில் ஏறியது. அவ்வளவு தொலைவில் சென்ற புயலே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆறடிக்கும் மேல் நீரை எழுப்பியது. அந்த நகரம் அமைந்த பினெல்லஸ் மாவட்டத்தில் பலர் வீட்டுக்குள்ளேயே மூழ்கி இறந்தார்கள். மில்டனுக்கு விரிகுடாப் பகுதியில் அறிவிக்கப்பட்டிருப்பது 10 முதல் 15 அடி. தெருமுனையில் நின்ற நீரின் மேல் இன்னும் ஏழெட்டு அடியைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாடியில்லாத வீட்டில் அது எங்கே வரும் என்று அவருக்கே தெரியும்.

---

பேரேரிக்கரை (8 அக்டோபர், பிற்பகல்)

நான் லூசியானாவில் பாண்ட்சார்ட்ரெயின் ஏரிக்கு வடக்கே வசிக்கிறேன். ‘போன முறை வரவில்லை’ என்ற வாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1969 ஆகஸ்டில் கமீல் என்ற வகை 5 சூறாவளி மிசிசிப்பிக் கரையைத் தாக்கியபோது பாஸ் கிறிஸ்டியன் ஊரில் நீர் இருபத்துநான்கு அடி வரை எழுந்தது. அதில் தப்பிய வீடுகளில் இருந்தவர்கள், இனி எந்தப் புயலும் தங்களைத் தொடாது என்று நம்பத் தொடங்கினார்கள். 2005 ஆகஸ்ட் 28 அன்று வகை 5 ஆக இருந்த கத்ரீனா, மறுநாள் காலை வகை 3 ஆகக் குறைந்து கரையேறியது. கமீலையே பார்த்துவிட்டோம், இது எம்மாத்திரம் என்று வீட்டில் தங்கியவர்கள் பலர். ஆனால் கத்ரீனா கமீலைவிடப் பரப்பில் பல மடங்கு பெரியது. மெக்சிகோ வளைகுடாவில் வகை 5 ஆக இருந்தபோது கிளப்பிவிட்ட நீர், காற்று தளர்ந்ததால் அடங்கிவிடவில்லை. அதே பாஸ் கிறிஸ்டியனில் நீர் ஏறத்தாழ இருபத்தெட்டு அடி எழுந்தது. 2005இல் கமீல் கொன்றவர்கள் 1969இல் அது கொன்றவர்களைவிட அதிகம் என்று இந்தக் கரையில் இன்றும் சொல்வார்கள்.

நியூ ஆர்லியன்ஸில் நடந்தது வேறு. அங்கே மக்கள் புயலை நம்பாமல் இருந்தார்கள் என்று சொல்வது அநியாயம். தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநராக இருந்த மேக்ஸ் மேஃபீல்டு 27ஆம் தேதி இரவு மேயரையும் ஆளுநரையும் தொலைபேசியில் அழைத்தே பேசினார். கட்டாய வெளியேற்ற உத்தரவு 28ஆம் தேதி காலையில்தான் வந்தது. கரையேற 24 மணி நேரம்கூட இல்லை. அந்த நகரத்தில் நான்கு வீடுகளுக்கு ஒன்றில் கார் கிடையாது. பிறகு கால்வாய்ச் சுவர்கள் உடைந்து நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதைக் கடந்தவர்கள். ‘முதியவரை அலைக்கழிக்க வேண்டாம்’ என்று எவராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் தங்கையின் வீட்டில் காரும் இருக்கிறது, ஒரு பகல் நேரமும் கையில் இருக்கிறது. எங்கள் ஊரில் பலருக்கு இரண்டும் இல்லை.

---

தாழைமடல் (8 அக்டோபர், மாலை)

மாமியாரைப் பற்றிய கவலைக்கு நேரான பதில் ஒன்று உண்டு: பத்து மணி நேரப் பயணம் தேவையே இல்லை. வெளியேற்ற மண்டலங்கள் கடல்நீரை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டவை. காற்றுக்கு உறுதியான கட்டடம் போதும். நீருக்குத்தான் இடம் மாற வேண்டும். எனவே மண்டலத்துக்கு வெளியே மேட்டில் உள்ள நண்பர் வீடோ பள்ளிக்கூட முகாமோ, சில மைல் தொலைவில் இருந்தாலே போதுமானது. புளோரிடா மாவட்டங்களில் மருத்துவக் கருவி தேவைப்படும் முதியோருக்கென்றே சிறப்புத் தேவை முகாம்கள் நடத்தப்படுகின்றன. மாவட்ட அவசரகால அலுவலகத்தை அழைத்துப் பதிவு செய்தால் வண்டி அனுப்பவும் ஏற்பாடு உண்டு. மருந்துச் சீட்டுகள், கண்ணாடி, செவிப்பொறிக்கான மின்கலம் ஆகியவற்றை ஒரே பையில் வைக்கச் சொல்லுங்கள்.

காலம் மட்டும் அவர்கள் பக்கம் இல்லை. பினெல்லஸ் ஒரு தீபகற்பம்; காற்று வலுத்ததும் ஸ்கைவே முதலான பாலங்களை மூடிவிடுவார்கள். ஹெலீனில் நனைந்து தெருவோரம் குவித்துவைத்த மெத்தைகளும் அலமாரிகளும் இன்னும் முழுமையாக அள்ளப்படவில்லை, அவையெல்லாம் காற்றில் பறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உத்தரவுக்குப் பிறகு தங்கியவர்களை, காற்று உச்சத்தில் இருக்கும்போது மீட்க எந்த வண்டியும் வராது.

---

இளவேனில் (9 அக்டோபர், காலை)

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவே கிளம்பி, மண்டலத்துக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவரின் மாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். பத்து மணி நேரம் வேண்டாம், சில மைல் போதும் என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இன்று காலை முன்கணிப்பு வரைபடத்தில், புயலின் மையம் செல்லக்கூடிய பாதையைக் காட்டும் நடுக்கோடு சற்றுத் தெற்கே, சரசோட்டா பக்கம் நகர்ந்திருக்கிறது. இனி டாம்பாவுக்கு ஆபத்து குறைவு என்று கொள்ளலாமா?

---

மழைமானி (9 அக்டோபர், முற்பகல்)

இன்னும் கொள்ள வேண்டாம். வரைபடத்தில் அந்த நடுக்கோட்டைச் சுற்றி வரையப்படும் கூம்பு என்பது புயலின் மையம் பெரும்பாலும் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதை மட்டும் காட்டுகிறது. மூன்றில் ஒரு முறை மையம் அதற்கு வெளியேயும் போகலாம். புயலின் அகலத்தையோ தீங்கின் எல்லையையோ அது காட்டுவதில்லை. ஒரு நாள் முன்கணிப்பிலேயே சராசரிப் பிழை ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு உண்டு. இங்கே அந்த ஐம்பது கிலோமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது.

வட அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. மேற்குக் கரையில் ஏறும் புயலின் கண்ணுக்குத் தெற்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி நீரைக் கரையில் குவிக்கும். வடக்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி நீரை இழுத்துச் செல்லும். கண் விரிகுடாவின் வாய்க்கு வடக்கே கரையேறினால் டாம்பாவுக்குள் நீர் புகும். தெற்கே ஏறினால் விரிகுடாவே வற்றும். இயன் வந்தபோது இதுவே நடந்தது. கூம்பின் ஓரத்தில் இருந்த ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரைக்கு அந்த நீர் போயிற்று. நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அப்பகுதியில் பலர் வெளியேறவில்லை. இயனில் புளோரிடாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததில், மிகுதியானோர் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரை அமைந்த லீ என்ற ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். விரிகுடா வற்றுவதைக் கண்டால் எவரும் இறங்கி நடக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள். காற்றின் திசை மாறியதும் நீர் திரும்பி வரும்.

---

கரைமணல் (10 அக்டோபர், பிற்பகல்)

நேற்றிரவு எட்டரை மணியளவில் மில்டன், சரசோட்டாவை ஒட்டிய சியஸ்டா கீ அருகே வகை 3 ஆகக் கரையைக் கடந்திருக்கிறது. டாம்பா விரிகுடாவில் நீர் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிட்டது. தங்கினால் செத்துவிடுவீர்கள் என்று டாம்பா மேயர் தொலைக்காட்சியில் சொன்னார். லட்சக்கணக்கானவர்களை இப்படி அச்சுறுத்திவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால், அடுத்த முறை யார் நம்புவார்கள்? குறை சொல்வதற்காக அன்றி, உண்மையான கவலையோடு கேட்கிறேன்.

---

மழைமானி (10 அக்டோபர், இரவு)

உங்கள் கவலை நியாயமானது. நம்பிக்கை தேய்வதும் ஓர் ஆபத்துதான். ஆனால் 8ஆம் தேதி மாலையில் முடிவெடுக்க வேண்டியிருந்த ஒருவரிடம் இருந்த தகவல், கண் விரிகுடாவுக்கு வடக்கேயும் ஏறலாம், தெற்கேயும் ஏறலாம் என்பது மட்டுமே. எந்தப் பக்கம் என்று தெரியும்வரை காத்திருந்தால் பாலங்கள் மூடியிருக்கும். மேயரின் சொற்கள் கடுமையானவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன்தான் வீட்டுக்குள் மூழ்கி இறந்தவர்களின் பகுதியில் மென்மையாகச் சொல்லியிருந்தால் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்பதும் சரியன்று. டாம்பாவுக்கு என்று அறிவிக்கப்பட்ட நீர், தெற்கே வெனிஸ், மனசோட்டா கீ கரைகளில் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. கண்ணுக்கு வடக்கே மழை கொட்டியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பதினெட்டு அங்குலத்துக்கும் மேல், அதாவது 450 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்திருக்கிறது. டிராபிகானா விளையாட்டரங்கின் கூரை கிழிந்து தொங்குகிறது. மாநிலத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. மாநிலத்தின் எதிர்க்கரையில், கூம்பின் நடுக்கோட்டை விட்டு வெகுதொலைவில் உள்ள செயின்ட் லூசி மாவட்டத்தில், புயல் கரையேறுவதற்கு முன்பே டொர்னாடோ எனப்படும் சுழல்காற்று தாக்கி முதியோர் குடியிருப்பு ஒன்றில் உயிர்ப்பலி நேர்ந்திருக்கிறது.

இளவேனில், உங்கள் தங்கை குடும்பத்தினர் நாளையே வீடு திரும்ப நினைத்தால் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். ஹில்ஸ்பரோ, அலஃபயா ஆறுகளில் மழைநீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆற்றை ஒட்டிய சாலை வழியாகத் திரும்புவதாக இருந்தால் முதலில் நீர்மட்ட அறிவிப்பைப் பார்க்க வேண்டும். தேங்கிய நீரில் மின்கம்பி அறுந்து கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் காலை வைக்கக் கூடாது. மின்சாரம் வரும்வரை ஜெனரேட்டர் ஓட்டுவதாக இருந்தால் அதை வீட்டுக்கு வெளியே, சன்னல்களிலிருந்து நன்கு தள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு சூறாவளிக்குப் பிறகும் கார் கொட்டகைக்குள் ஜெனரேட்டரை ஓட்டி, கார்பன் மோனாக்சைடு நச்சால் குடும்பங்கள் இறந்துபோகின்றன.