மொடல் எங்கட குளத்தை மூடிப்போட்டுது

கம்பஸ் கடைசி வருஷ ப்ரொஜெக்டுக்கு நான் எடுத்தது எங்கட ஊர்க் குளத்தின்ர நீரேந்துப் பரப்பு, புளியங்குளம் பக்கம், மிஞ்சிற தண்ணி கனகராயன் ஆத்தோட சேந்து இரணைமடுக் குளத்துக்குப் போற இடம். சாட்டிலைட் உயர டேட்டாவை இறக்கி, 30 மீற்றர் கட்டம், மென்பொருள் சொன்ன மாதிரி முதல் வேலையா பள்ளங்களை நிரப்பினன். அது எல்லாரும் செய்யிறதுதான், பள்ளம் கிடந்தா ஓடைக்கோடு அதுக்குள்ளயே நிண்டிடும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாக்கிறன், குளத்தையும் டேட்டாப் பிழையெண்டு எடுத்து நிரப்பிப்போட்டுது, ஓடை குளக்கட்டை நடுவால பிளந்துகொண்டு போகுது!

பிறின்ட் எடுத்துக்கொண்டு போய் அப்பப்பாவிட்டக் காட்டினன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்திட்டு, "மோனை, இதால தண்ணி போகாது, வான் பாஞ்சா கீழ்க்குளத்துக்கு, அது நிரம்பினாத்தான் ஆத்துக்கு" எண்டார். வான் எண்டது குளம் நிரம்பினா மிஞ்சிற தண்ணி வழியிற இடம். பிறகு ஒவ்வொரு குளமாக் கையால வைச்சு, வான் மட்டம் குடுத்து, திருப்பி ஓட்டினன். ஒரு கிழமை போச்சு.

மழைக் கணக்கிலயும் ஒரு அடி வாங்கினன். கேர்வ் நம்பர் எண்டது மழையில எவ்வளவு ஊறாம ஓடுமெண்டு கணக்குப் பாக்கிற எண். அந்தக் காட்டு நிலத்துக்கு அதை 70 எண்டு போட்டா 100 மில்லிமீற்றர் மழைக்கு ஓடிவாறது 33 தான், கார்த்திகை முழுக்கப் பெய்து நிலம் ஊறிக் கிடந்தா அதே நிலத்துக்கு 85 போடோணும், அப்ப 61. மழை அதே மழை. 2018 மார்கழியில இரணைமடுக் கதவுகள் திறந்ததைக் கண்ட ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

*

அண்ணை, உங்கட குளத்துக் கதையை வாசிச்சன், எனக்கும் அப்பிடி ஒண்டு நடந்தது. நான் மண்ணரிப்புக்கு யூ.எஸ்.எல்.ஈ எண்ட சமன்பாட்டை ஓட்டினனான். மழை, மண், சரிவு, பயிர் மூடல், காப்பு வேலை, எல்லாத்தையும் பெருக்கிறது, அவ்வளவுதான். வன்னி சப்பட்டை நிலமெல்லோ, சரிவு எண் சின்னன், படம் முழுக்க ஒரே பச்சை, அரிப்புக் குறைவெண்ட நிறம். எனக்கும் சந்தோசம்.

பிறகு மாமாவின்ர லாண்ட்மாஸ்டர்ல (ரெண்டு சில்லு உழவு மெசின்) அலைகரைப் பக்கம், குளத்துத் தண்ணி ஏறி இறங்கிற மேல்கரைக்குப் போனா, கிரவல் அள்ளின கிடங்குக்குக் கீழ இடுப்பளவுக்கு வெட்டி ஓடிக் கிடக்கு. அந்தச் சமன்பாடு பரவலா அரிக்கிறதையும் விரல்மொத்தச் சின்ன வாய்க்கால்களையும்தான் எண்ணும், இப்பிடி வெட்டின பள்ளத்தை எண்ணாது, அதோட அரிச்ச மண்ணில எவ்வளவு குளத்துக்கு வந்து சேருமெண்டும் சொல்லாது. வாசிச்சுத்தான் இருந்தனான், மண்டையில ஏறேல்லை.

சேர் படத்தைப் பாத்திட்டு "அரிப்புக் குறைவுதானே?" எண்டார். போன சிரமதானத்தில துலுசு வாயில, குளத்துத் தண்ணி திறந்துவிடுற மதகில, சிவப்பு மண் வெட்டி எடுத்த ஃபோட்டோ ஃபோன்ல கிடந்தது, அதைக் காட்டினன்.