45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள்ளேயே போடச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

சேலத்து டிரைவர்:
வணக்கம் அண்ணன்மாரே. ஊரில் ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது லிதுவேனியா கம்பெனி ஒன்றில் சேர்ந்து ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் என்று ஓடுகிறேன். போன இரண்டு வாரமும் 24 மணி நேர ஓய்வுதான் கொடுத்தார்கள். இந்த வாரக் கடைசியில் 45 மணி நேரம் போடு, ஆட்டோபான் (ஜெர்மன் நெடுஞ்சாலை) பார்க்கிங்கிலேயே வண்டியில் படுத்துக்கொள், யாராவது கேட்டால் ஓட்டலில் தங்கியதாகச் சொல் என்கிறார், ஓட்டம் ஒதுக்கும் டிஸ்பாட்சர். மாட்டினால் யாருக்கு அபராதம்? வேலை போனால் விசாவும் போய்விடும், அதனால் எதிர்த்துப் பேசவும் தயக்கமாக இருக்கிறது.

யாழ்_பாரவண்டி:
தம்பி, பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள். 45 மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும் வார ஓய்வை வண்டிக்குள் எடுக்கவே கூடாது. 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொன்னது, 2020 ஆகஸ்ட் 20 முதல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். படுக்கையும் கழிப்பறை, குளியலறையும் ஒழுங்காக உள்ள இடம் வேண்டும், செலவு முழுக்க முதலாளியுடையது. 24 மணி நேரக் குறுகிய ஓய்வை மட்டும் வண்டியில் எடுக்கலாம், வண்டி நின்றிருக்க வேண்டும், படுக்கை வசதியும் இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு ஓட்டத்தில் இரண்டு குறுகிய ஓய்வை அடுத்தடுத்து எடுக்க விடுகிறார்கள், சரி. ஆனால் ஒவ்வொன்றிலும் முழு ஓய்வான 45இல் 21 மணி நேரம் குறைந்திருக்கிறது அல்லவா? அந்த 42 மணி நேரத்தையும் அடுத்த முழு ஓய்வுக்கு முன்னால் தந்தாக வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தந்தால் 87 மணி நேரம், 45 இல்லை. அதைத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் லிதுவேனியாவுக்கோ வீட்டுக்கோ திரும்பும்படி கம்பெனிதான் ஓட்டத்தைத் திட்டமிட வேண்டும். அதாவது இந்த வாரம் நீங்கள் அந்தப் பார்க்கிங்கில் இருப்பதே முறையில்லை.

போலந்து வண்டி:
அண்ணா சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் சனிக்கிழமை சாயந்திரம் எந்தப் பார்க்கிங்கையும் போய்ப் பாருங்கள், திரையை மூடிக்கொண்டு, கேஸ் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. ட்ரெய்லரோடு நிறுத்த இடமுள்ள ஓட்டல் எங்கே இருக்கிறது? சரக்கை விட்டுவிட்டுப் போனால் டீசல் திருட்டு வேறு. புதிதாக வந்த பையன் சட்டம் பேசினால் அடுத்த மாதம் ஓட்டம் கொடுக்க மாட்டார்கள், அந்தப் பயம் நியாயமானதுதான்.

யாழ்_பாரவண்டி:
பயம் நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வண்டியை எங்கே பத்திரமாக நிறுத்துவது என்பது கம்பெனியின் தலைவலி, அதை டிரைவர் முதுகில் ஏற்றுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2023இல் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் டிரைவர்கள் டார்ம்ஸ்டாட் பக்கம் கிராஃபென்ஹவுசனில் வாரக்கணக்கில் லாரிகளை நிறுத்திவைத்து, நிலுவைச் சம்பளத்தை வாங்கிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அவர்களும் ஐரோப்பியக் குடிமக்கள் இல்லை. அவர்களுக்குத் துணைநின்ற ஃபேரே மொபிலிடேட் என்பது ஜெர்மன் தொழிற்சங்கங்களோடு சேர்ந்த ஆலோசனை மையம், காசு கேட்க மாட்டார்கள். கம்பெனியிடம் பேசுவதற்கு முன்னால் அவர்களிடம் பேசுங்கள்.

சேலத்து டிரைவர்:
87 மணி நேரக் கணக்கை இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை அண்ணா, ரொம்ப நன்றி. டிஸ்பாட்சர் எல்லாவற்றையும் போனில்தான் சொல்கிறார், எழுத்தில் ஒன்றும் கிடையாது. அப்புறம், ஆறு நாளுக்குள் அடுத்த வார ஓய்வு தொடங்க வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கை எப்போதிலிருந்து எடுப்பது?

யாழ்_பாரவண்டி:
போன வார ஓய்வு முடிந்த நிமிடத்திலிருந்து ஆறு தடவை 24 மணி நேரம். திங்கள் காலை 6 மணிக்குக் கிளம்பியிருந்தால் ஞாயிறு காலை 6 மணிக்குள் அடுத்த ஓய்வு தொடங்கிவிட வேண்டும். போனில் சொன்னால் நீங்களே வாட்ஸப்பில் திருப்பி எழுதுங்கள்: "45 மணி நேரத்தை வண்டியில் எடுக்கச் சொன்னீர்கள், எந்த ஓட்டல் என்று அனுப்புங்கள்" என்று. மரியாதையாக, இரண்டே வரி. ஓய்வு நேரத்தைக் கம்பெனி ஒழுங்காகத் திட்டமிடாவிட்டால் பொறுப்பு கம்பெனிக்கு வரும், அப்போது அந்த இரண்டு வரிதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி. ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதியும் டாக்கோகிராஃப் கருவியின் கார்டில், ஓய்வைக் காட்டும் படுக்கைக் குறியைச் சரியாகப் போடுங்கள், 2024 கடைசியிலிருந்து சோதனையில் அன்றைய நாளோடு முந்தைய 56 நாளையும் பார்க்கிறார்கள். இன்று இரவே அந்தச் செய்தியை அனுப்பிவிட்டு, பதில் வந்தால் இங்கே போடுங்கள் தம்பி.